கிலோ கணக்கில் ஒரு ஸ்டேஷன்

"இன்னாண்ணே, மறுபடியும் பொம்மைக் கட்டையா?" பழைய பேப்பர் கடைத் தம்பி சிரித்துக்கொண்டே சாக்கைக் கவிழ்த்தான்.

உடைந்த பக்கெட், ஷாம்பு டப்பா, கை போன பொம்மை. நடுவே ஒரு சிவப்புக் கட்டை. எட்டுக் குமிழ். ஓரத்தில் ஏதோ ஒரு குழந்தையின் பல் தடம்.

ராயபுரம் ஸ்டேஷனை லெகோவில் கட்டிக்கொண்டிருக்கிறேன். (1856-இல் திறந்த அசலைக் கட்டியவர்கள்கூட இப்படி அலைந்திருக்க மாட்டார்கள்.) செட்டாக வாங்கினால் வேண்டாத சக்கரமும் ஜன்னலும்தான் சேருகிறது. பிரிக்லிங்க் என்கிற ஆன்லைன் சந்தையில் கட்டைகள் தனித்தனியாகக் கிடைக்கும். ஆனால் கடைக்குக் கடை தபால் செலவு, மேலே சுங்கவரி. அதனால் தூணுக்கான உருண்டைத் துண்டுகளை மட்டும் அங்கே, ஒரே கடையில் மொத்தமாக. மறைந்துபோகும் உள்சுவருக்கு எந்த நிறமானாலும் சரி, எடை போட்டு இங்கேதான்.

வீட்டில் சோப்புத் தண்ணீரில் கழுவி, புதுக் கட்டைமேல் வைத்து அழுத்தினேன்.

டக்.

1958-இலிருந்து அந்தக் குமிழ் அளவு மாறவே இல்லை.

கடித்த பிள்ளைக்கு இப்போது கல்யாணமே ஆகியிருக்கலாம். தண்டையார்பேட்டையோ, காசிமேடோ.

உள்சுவருக்கு என்றுதான் எடுத்துவந்தேன். டிக்கெட் கவுன்ட்டர் பக்கம், பல் தடம் வெளியே தெரிகிற மாதிரி வைத்துவிட்டேன்.