ஸேயோன் மடாலயத்தில் ஒரு ஷெட்யூலிங் பட்டறை

எந்த வேலையை எந்த இயந்திரத்தில் எப்போது செய்வது என்று முடிவு செய்யும் ஷெட்யூலிங் அல்காரிதங்களில் ஆராய்ச்சி செய்யும் மாணவர்கள் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது, அந்தத் துறை ஆய்வாளர்கள் கூடிப் பேசும் எம்.ஏ.பி.எஸ்.பி. (MAPSP) பட்டறையைத்தான். 1993-ல் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் தொடங்கியது. பெரும்பாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, ஐரோப்பாவில் ஏதாவது ஓர் அமைதியான ஊரில் நடக்கும். நான் போனது 2017 ஜூனில், ஜெர்மனியின் பவேரியாவில், ஏரிக்கு நடுவே இருக்கும் ஸேயோன் மடாலயத்துக்கு.

அங்கே உரை நிகழ்த்த முழுக் கட்டுரை கேட்க மாட்டார்கள், சில பக்கச் சுருக்கம் போதும். அதே முடிவைப் பிறகு விரிவாக எழுதி ஜர்னலுக்கும் அனுப்பலாம். ஆனால் அந்தச் சில பக்கத்துக்குத்தான் நான் அதிகம் உழைத்தேன். என் கணக்கு சிவகாசி அச்சகங்களில் பார்த்ததிலிருந்து பிறந்தது. ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்கு மாறும்போது உருளைகளைக் கழுவ வேண்டும், அதுவரை இயந்திரம் சும்மா நிற்கும். ஒரே நிற வேலைகளை ஒரே இயந்திரத்தில் போட்டால் கழுவும் நேரம் மிச்சம், ஆனால் அந்த இயந்திரத்தில் சுமை ஏறிவிடும். பிரித்துப் போட்டால் ஒவ்வொரு இயந்திரத்திலும் கழுவ வேண்டும். எங்கே பிரிப்பது என்பதுதான் கேள்வி.

என் கைடு வரைவைப் படித்துவிட்டு, "நிரூபணத்தை எடுத்துடும்மா. கணக்கு என்ன, இதுவரைக்கும் என்ன தெரியும், நீ புதுசா என்ன சொல்றே, அது போதும்" என்றார். ஒரே ஒரு துணைத்தேற்றத்தை மட்டும் விட்டுவைத்தேன். படித்தவர்கள் எல்லோரும் அதைப் பற்றித்தான் கேட்டார்கள்.

ஏற்பு வந்ததும் பயண நிதி, விசா. ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். அழைப்புக் கடிதத்தில் தேதிகளும் தங்கும் செலவு யாருடையது என்பதும் தெளிவாக இருக்கும்படி முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தப் பட்டறையின் பலமே எல்லோரும் சேர்ந்து தங்கி, சேர்ந்து சாப்பிடுவதுதான். என் உரைக்கு முந்தின இரவு, எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பேராசிரியர் என்ன செய்கிறாய் என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவர் ஒரு தாளில் எழுதினார்: இரண்டு இயந்திரம், ஒரு நிறம், அதைத் தொடங்கும் முன் கழுவ 4 மணி, ஒவ்வொன்றும் 1 மணி எடுக்கும் நான்கு வேலை. ஒரே இயந்திரத்தில் போட்டால் 8 மணி. இரண்டாகப் பிரித்தால் 6 மணியில் முடிந்துவிடும். அப்புறம் இன்னொரு நிறத்தைச் சேர்த்தார்: கழுவ 1 மணி, 3 மணி எடுக்கும் ஒரே வேலை. இப்போது முதல் நிறத்தைப் பிரித்தால் குறைந்தது 9 மணி ஆகும். பிரிக்காமல் விட்டால் 8 போதும். நான் பக்கம் பக்கமாக விளக்கிக்கொண்டிருந்தது அந்தச் சின்னக் கணக்கில் அப்படியே வந்துவிட்டது.

அவரிடம் அனுமதி கேட்டு, அன்று இரவே அதை என் முதல் ஸ்லைடாக வைத்தேன். உரையில் பாதி நேரம் அதிலேயே போயிற்று, அதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. முடிந்ததும் வந்த கேள்விகள் எல்லாம் சரியான இடத்தைத் தொட்டன. எல்லா நிறத்துக்கும் கழுவும் நேரம் சமமாக இருந்தால் என்ன ஆகும் என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வி ஜர்னல் கட்டுரையில் தனிப் பகுதியாகவே ஆனது.

ஒன்று மட்டும் கட்டாயம் செய்யுங்கள். காலை உணவின்போது தெரிந்த முகங்களோடு உட்காராதீர்கள். மூன்று இயந்திரங்கள், ஒரே அளவு வேலைகள், எது முன் எது பின் என்ற கட்டுப்பாடு: இதற்கு வேகமான அல்காரிதம் உண்டா என்று கணினி அறிவியலாளர்களான கேரியும் ஜான்சனும் 1979-ல் திறந்த கேள்விகளின் பட்டியலில் வைத்தார்கள். இன்னும் விடை இல்லை. ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே அதைப் பற்றி இரண்டு பேர் வாதாடுவதை அங்கேதான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். என் அடுத்த இரண்டு வருடப் படிப்பு அந்த மேசையிலிருந்துதான் தொடங்கியது.