டைனமோவை மாற்றுவதற்கு முன் எர்த்தைப் பாருங்கள்

எங்கள் டீசல் வேனில் குட்டி ஃப்ரிட்ஜும் அதற்கென்று ஒரு லித்தியம் பேட்டரியும் வைத்த பிறகு தொல்லை ஆரம்பித்தது. சிக்னலில் நின்றால் ஹெட்லைட் மங்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் பளிச்சென்று எரியும். பார்த்தவர்கள் எல்லாரும் பெரிய ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது கரண்ட் தரும் டைனமோ) போடச் சொன்னார்கள்.

எலக்ட்ரீஷியன் அண்ணன், "தம்பி, வண்டி ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றுவோம். ஆஃப் ஆகலைன்னா டைனமோ நல்லா இருக்கு" என்றார். "வேண்டாம்ணே" என்று தடுத்துவிட்டேன். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது பேட்டரியைப் பிரித்தால் வோல்டேஜ் சட்டென்று எகிறும். ஆல்டர்னேட்டருக்குள் ஏசி கரண்டை டிசியாக மாற்றும் டயோடு போகலாம், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவே போகலாம். பழைய அம்பாசடர் காலத்துப் பழக்கம் அது. இன்றைய வண்டிக்குக் கூடவே கூடாது.

மீட்டரை எடுத்தோம். எல்லா லோடையும் போட்டுவிட்டு ஆல்டர்னேட்டரில் பார்த்தால் 14.2 வோல்ட், பேட்டரியில் வெறும் 13.1. நடுவில் போனது எங்கே? மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டர் பாடியிலும் மறு முனையை பேட்டரி நெகட்டிவிலும் வைத்தோம்: 0.8 வோல்ட். 0.2-ஐத் தாண்டவே கூடாத இடம். கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழியில், இன்ஜினிலிருந்து சேசிஸுக்குப் போகும் எர்த் பட்டை, போல்ட் அடியில் பச்சையாகப் பூத்துப் பாதி இழை அறுந்து கிடந்தது. புதுப் பட்டை போட்டு, பெயின்டைச் சுரண்டி முறுக்கியதும் பேட்டரியில் 13.8 வந்தது.

அப்புறமும் ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது, லைட் மங்கியது. மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அளந்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டியது. டயோடு போயிருந்தது. சரி, எப்படியும் கழற்றத்தான் வேண்டும் என்று பழைய 75 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் இருந்த இடத்தில் 150 ஆம்பியர் போட முடிவு செய்தோம்.

வாங்கும்போது 150 என்ற எண்ணில் மயங்கக் கூடாது. அது வேகமாகச் சுற்றும்போது கிடைப்பது. ஐடிலிங்கில் பாதி கிடைத்தாலே பெரிது; சூடேறினால் இன்னும் குறையும். கடைக்காரரிடம் ஐடிலிங்கில் எத்தனை ஆம்பியர் என்று கேட்டு வாங்கினேன். பேட்டரிக்குப் போகும் பழைய மெல்லிய வயரைத் தூக்கிவிட்டு 35 சதுர மில்லிமீட்டர் கேபிள் இழுத்து, பேட்டரி பக்கத்திலேயே பியூஸ் வைத்தோம். இதில் மட்டும் காசைப் பார்க்கவே கூடாது. பியூஸ் இல்லாத தடித்த கேபிள் எங்காவது உரசினால் வண்டியே எரிந்துவிடும்.

லித்தியம் பேட்டரியை நேராக ஆல்டர்னேட்டரில் இணைத்துவிட்டால் கிடைக்கிற கரண்டையெல்லாம் இழுத்து ஆல்டர்னேட்டரை வேகவைத்துவிடும். அதனால் நடுவில், கரண்டை அளவாக மட்டும் விடும் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் வைத்தோம்.

இப்போது ஃப்ரிட்ஜ், ஏசி ப்ளோயர், ஹெட்லைட் எல்லாம் ஓட, ஐடிலிங்கில் பேட்டரியில் 13.7 நிற்கிறது. புது பெல்ட் கொஞ்சம் ஓடியதும் தளர்ந்து, புல்லி ஓரத்தில் கறுப்புத் தூள் கொட்டியது. மறுபடி இழுத்துக் கட்டிய பிறகு அதுவும் நின்றுவிட்டது.