மிதுன ராசிக்கு ஆஸ்பிரின் கேட்காதா?

மருந்துப் பரிசோதனைகளின் புள்ளிவிவரம் பார்ப்பதுதான் என் வேலை. முடிவு வந்ததும் கூட்டத்தில் எல்லோர் கண்ணும் போவது ஒரே படத்துக்கு. நடுவில் செங்குத்தாக ஒரு கோடு, மருந்தால் வித்தியாசமே இல்லை என்பதற்கான இடம் அது. ஆண், பெண், 65 வயதுக்கு மேல், கீழ், சர்க்கரை நோய் உள்ளவர், இல்லாதவர் என்று வரிசையாகச் சின்னச் சதுரங்கள், அந்தக் குழுவில் தெரிந்த பலனைக் காட்ட. ஒவ்வொன்றின் இருபுறமும் ஒரு கிடைக்கோடு, அந்தக் கணிப்பு எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்று காட்ட. அதில் ஒரு கிடைக்கோடு நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால் போதும், "அப்போ பெண்களுக்கு இந்த மருந்து கேட்காது" என்று யாராவது சொல்லிவிடுவார்கள்.

எனக்குப் பகீரென்று இருக்கும். அந்தக் கிடைக்கோடு நீளமாக இருப்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: அந்தக் குழுவில் ஆட்கள் குறைவு. ஒரு குழுவில் பலன் தெரிந்தது, இன்னொன்றில் தெரியவில்லை என்பதால் இரண்டும் வேறு என்று ஆகிவிடாது. அந்த வித்தியாசத்தையே நேராகச் சோதிக்க வேண்டும். அதையும் எத்தனை தடவை சோதித்தோம் என்று பார்க்க வேண்டும். ஒன்றையொன்று சாராத 10 சோதனைகளை வழக்கமான 5% வரம்பில் (வித்தியாசமே இல்லாதபோது ஒரு சோதனை தவறாக 'இருக்கிறது' என்று காட்ட 5% வாய்ப்பு) செய்தால், உண்மையில் எந்த வித்தியாசமும் இல்லாதபோதுகூட ஒன்றாவது 'இருக்கிறது' என்று காட்ட 40% வாய்ப்பு உண்டு.

1988இல் வெளியான ஐசிஸ்-2 பரிசோதனையில் மாரடைப்பு என்று சந்தேகிக்கப்பட்ட 17,187 பேர் இருந்தார்கள். ஐந்து வாரங்களில் இதய, ரத்தநாளக் காரணங்களால் இறந்தவர்கள் ஆஸ்பிரின் எடுத்தவர்களில் 9.4%, போலி மாத்திரை எடுத்தவர்களில் 11.8%. ஆய்வாளர்கள் வேண்டுமென்றே பிறந்த ராசிப்படியும் பிரித்துக் காட்டினார்கள். மிதுனம், துலாம் ராசிக்காரர்களுக்கு ஆஸ்பிரின் லேசாகக் கெடுதல் செய்வதுபோல் வந்தது, மற்றவர்களுக்குத் தெளிவான பலன். ராசி என்பதால் யாரும் நம்பவில்லை. ராசி இருந்த இடத்தில் வயதையோ பாலினத்தையோ வைத்தால் நம்பிவிடுகிறோம், கணக்கு என்னவோ அதே கணக்குதான்.

நம்பியதன் விலையும் தெரியும். 1978இல் வந்த கனடா ஆய்வு ஒன்றில், பக்கவாத ஆபத்தில் இருந்த 585 பேரில் ஆண்களுக்கு ஆஸ்பிரின் பலன் தந்தது, பெண்களுக்குத் தரவில்லை என்று தெரிந்தது. அதில் பெண்கள் ஆண்களைவிடக் குறைவு. 1980இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்தப் பயன்பாட்டுக்கு ஆண்களுக்கு மட்டும் அனுமதி தந்தது. பெண்களுக்கும் உண்டு என்று அது மாறியது 1998இல்! நடுவே போன அந்த வருடங்களை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

இப்படிப் பிரித்த சின்னக் குழுக்களுக்கு (துணைக்குழுக்கள்) இடையே தெரியும் வித்தியாசம் எல்லாமே பொய் என்று சொல்ல வரவில்லை. மார்பகப் புற்றுநோய்க்கான டமாக்சிஃபென், கட்டியில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி (ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் வந்து ஒட்டும் புரதம்) இருப்பவர்களுக்குத்தான் பலன் தருகிறது. அந்த மருந்து வேலை செய்வதே அந்த ஏற்பியைப் பிடித்துத்தான். அப்புறம், ஒரே ஒரு ஆய்வின் ஒரு வரியை வைத்து யாரும் அதை முடிவு செய்யவில்லை, பல பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் அதேதான் வந்தது.