உட்கார்ந்தபடியே ஒரு நடை

"ஆயா, குதிகாலை ஊனிக்கோ. விரலை மட்டும் தூக்கு. அப்படித்தான்!"

இன்று காலை காட்பாடி பக்கம் ஒரு முதியோர் இல்லம். சுவரோரம் வரிசையாகக் கைப்பிடி வைத்த நாற்காலிகள். பிசியோதெரபிஸ்ட் பெண் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓர் ஆயாவுக்கு இடது கால் அசையவே இல்லை. ஆனால் மெட்டி போட்ட அந்த விரல் மட்டும் லேசாக மேலே வந்தது. அதற்கே அவர் முகத்தில் அவ்வளவு பெருமை!

சின்ன அசைவுதான். ஆனால் கால் தசைகள் இப்படி அசையும்போது காலில் தேங்கும் ரத்தம் எளிதாக மேலே ஏறுகிறது. படுத்தே கிடந்தால் தொடைத் தசை சீக்கிரம் கரையும். அப்புறம் கழிவறைக்குப் போய் எழுந்திருக்கவும் ஆள் வேண்டும்.

நம் வேலூரில்தான் டாக்டர் மேரி வர்கீஸ் இருந்தார். 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த பிறகும், சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர்.

அந்த ஊரில், "வயசாயிடுச்சு, சும்மா படுங்க" என்று சொல்வதை என்னால் ஏற்கவே முடியவில்லை. மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, உங்கள் வீட்டுப் பெரியவரையும் நாளைக்கு ஒரு நாற்காலியில் உட்கார வையுங்கள். சக்கரம் இல்லாத, ஆடாத நாற்காலியாக இருக்கட்டும்.