தொட்டபள்ளாப்பூரில் ஷிராஸ் வளர்த்த கதை

எங்கள் நிலம் தொட்டபள்ளாப்பூர் பக்கம், நந்தி மலைக்கு மேற்கே, கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது. செம்மண். அப்பா காலத்திலிருந்து பந்தலில் பெங்களூர் புளூ என்கிற கறுப்புத் திராட்சைதான். 2007-ல் கர்நாடக அரசு வைன் கொள்கை கொண்டுவந்தபின் எங்கள் பக்கம் வைன் திராட்சைப் பேச்சு அதிகமானது. தம்பியும் நானும் இரண்டு ஏக்கரை ஷிராஸ் என்கிற சிவப்பு வைன் திராட்சைக்கு மாற்றலாம் என்றோம். "வருஷத்துக்கு ரெண்டு மகசூல் தர்ற கொடியை எடுத்துட்டு, ஒரே மகசூல் கொடிக்கு ஏண்டா போறீங்க?" என்றார் அப்பா. நியாயமான கேள்வி. கிலோவுக்கு இவ்வளவு என்று வைன் ஆலை எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்தைக் கையில் பார்த்தபிறகுதான் சரி என்றார்.

பழைய கொடிகளை வேரோடு எடுத்து, சணப்பை விதைத்து மடக்கி உழுதோம். பிப்ரவரியில், ஒட்டுக் கட்டுவதற்கு அடிச்செடியாக டாக்ரிட்ஜ் என்கிற திராட்சை ரகத்தின் வேர்ச்செடி நட்டோம். ஆயிரம் அடிக்குக் கீழே போர் போட்டுத் தண்ணீர் தேடும் ஊரில் வறட்சி தாங்கும் வேர் இல்லாமல் முடியாது. 8-க்கு 4 அடி இடைவெளி, ஏக்கருக்குச் சுமார் 1,360 செடி, எல்லாம் சொட்டுநீர். மழை ஓய்கிற சமயத்தில் அதன்மேல் ஷிராஸ் குச்சியை ஒட்டுக் கட்டினோம்.

அப்புறம் வந்ததுதான் பெரிய பாடம்: கவாத்து, அதாவது கொடியை வெட்டிவிடுவது. பிரான்ஸில் குளிர்காலத்தில் இலை உதிர்ந்து கொடி தானாக உறங்கிவிடும். நம் பீடபூமியில் அது உறங்கவே உறங்காது. அதனால் கத்தரியை வைத்து நாம்தான் அதற்குப் பருவம் காட்ட வேண்டும். அறுவடை முடிந்து ஏப்ரலில் ஒரு கவாத்து, நன்றாகக் கீழே இறக்கி. அதில் வரும் தளிரில் பழம் எடுப்பதில்லை. அடுத்த மகசூலுக்கான பூ மொட்டு அந்தக் குச்சிக்குள்தான் உருவாகிறது. அந்த வாரங்களில் இலை அடர்ந்து வெயில் படாமல் போனால், அக்டோபரில் என்ன செய்தாலும் கொத்து வராது. வெறும் பச்சைக் குச்சியாகத் தெரிகிற அந்த மாதங்களில்தான் பழம் தீர்மானமாகிறது என்பதை நேரில் பார்த்தபோது எனக்கு இந்தச் செடிமேல் தனி மரியாதை வந்தது.

அக்டோபரில் பழக் கவாத்து. வெட்டிய ஓரிரு நாளில் மொட்டுகளில் ஹைட்ரஜன் சயனமைடு என்கிற ரசாயனத்தைத் தடவினால்தான் எல்லாம் ஒருசேரத் துளிர்க்கும். கையுறை, முகமூடி கட்டாயம். இதைத் தொட்டவர்கள் மது அருந்தினால் உடம்புக்கு ஆபத்து. வேலைக்கு வரும் அண்ணன்மாரிடம் முன்கூட்டியே இதைச் சொல்லி, குடிக்காதவர்களை மட்டும் இந்த வேலைக்கு விடுகிறோம். இதில் தாட்சண்யம் பார்க்கவே கூடாது.

பூக்கும் நேரத்தில் வடகிழக்கு மழை வந்தால் அடிச்சாம்பல் நோய் கொத்தையே கருக்கிவிடும். பெங்களூர் புளூ தாங்குகிற ஈரத்தை ஷிராஸ் தாங்காது. வானம் மூடினால் தம்பி தோட்டத்திலேயே இருப்பான்; கொத்தைச் சுற்றி இலை கிள்ளிக் காற்றோட்டம் கொடுப்பது மருந்துக்குச் சமம்.

டிசம்பர், ஜனவரியில் இந்த உயரம் கைகொடுக்கிறது. பகலில் நல்ல வெயில், இரவில் 15 டிகிரி வரை இறங்கும் குளிர். சர்க்கரை ஏறும், புளிப்பும் தங்கும். பிப்ரவரி கடைசியில் சாற்றின் சர்க்கரையை பிரிக்ஸ் கணக்கில் அளக்கும் கருவி 23 பிரிக்ஸைத் தாண்டி, விதையும் பழுப்பேறியதும் அறுவடை. விடியுமுன் தலைவிளக்கு கட்டிப் பறித்து, வெயிலுக்கு முன் லாரி ஏற்றிவிடுவோம். ஏக்கருக்கு நாலைந்து டன்னோடு நிறுத்திக்கொள்கிறோம். அதிகக் கொத்து விட்டால் சாறு நீர்த்துப்போகும்.

நடப்போகிறவர்கள் ஒப்பந்தத்தை முதலில் கையில் வாங்குங்கள். ஷிராஸ் பழம் சின்னது, விதையும் உண்டு; தட்டில் வைத்துத் தின்ன யாரும் வாங்கமாட்டார்கள். 2009 வாக்கில் வைன் விற்பனை சரிந்தபோது நாசிக் பக்கம் பல விவசாயிகள் கொடிகளைப் பிடுங்கிப் போட்டார்கள். எத்தனை வருஷத்துக்கு, எந்தப் பிரிக்ஸுக்கு என்ன விலை, மழையில் கெட்டால் யார் பொறுப்பு என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்க வேண்டும்.