இரண்டாம் வயலின் நாற்காலியிலிருந்து

ஸ்ட்ரிங் குவார்டெட் என்ற நாலு பேர் மேற்கத்திய இசைக்குழுவில் இரண்டாம் வயலின் வாசிப்பது என் வேலை. இரண்டு வயலின், வயலினைவிடச் சற்றுப் பெரிய ஒரு வயோலா, அதைவிடப் பெரிய, கனத்த குரலுள்ள ஒரு செல்லோ. முன்னால் நின்று கையசைத்து இசையை நடத்துபவர் கிடையாது, உத்தரவு போட முதலாளி கிடையாது, வருமானம் நாலு பங்காகப் பிரியும், முடிவெடுக்கும்போது ஆளுக்கு ஒரு ஓட்டு. வெகுகாலம் அதே நாலு பேராகவே இருந்தோம். இத்தனை வருஷமாகச் சேர்ந்திருக்கிறீர்களே, சண்டையே வராதா என்று கச்சேரி முடிந்ததும் யாராவது கேட்பார்கள். வரும், அடிக்கடி வரும். ஆனால் "நீங்க என்னை மதிக்கறதில்ல" என்று வெளியே வராது. "அந்த இடத்துல நீங்க ஓடுறீங்க", "உங்க எஃப் ஷார்ப் கொஞ்சம் இறங்குது", "இந்த வரியை இப்படி ஒரே வில்லில் இழுத்தா எனக்கு மூச்சு விடவே இடமில்ல" என்றுதான் வரும். எஃப் ஷார்ப் என்ற ஒற்றை ஸ்வரத்தைப் பற்றிய பேச்சு முக்கால் மணி நேரம் நீண்டால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது என்று நாலு பேருக்கும் தெரியும்.

இதில் எனக்குத் திடமான அபிப்பிராயம் உண்டு. வேலை செய்யும் இடத்தில் மனக்கசப்பு வந்தால் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்பார்கள். எங்கள் தொழிலில் அது பாதிதான் உண்மை. சண்டையை அந்த எஃப் ஷார்ப்போடு நிறுத்திக்கொள்ளத் தெரிந்ததால்தான் நாங்கள் பிழைத்தோம் என்று நினைக்கிறேன். சுருதிச் சண்டைக்கு விடை உண்டு, இரண்டு விதமாகவும் வாசித்துப் பார்த்தால் காது சொல்லிவிடும். யார் பெரியவர் என்ற சண்டைக்கு எந்த ஒத்திகையிலும் விடை கிடைக்காது.

கீத் மர்னிகன், டொனால்ட் கான்லன் என்ற இருவர் பிரிட்டனில் 20 குவார்டெட்டுகளை ஆராய்ந்து 1991-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எல்லோரும் சமம் என்று சொல்லும் குழுவில் முதல் வயலின் தலைவராகவும் இருப்பது, முதல் வயலினுக்கு நிகரான திறமை வேண்டியிருந்தும் இரண்டாம் வயலின் பின்னால் நிற்க வேண்டியிருப்பது, கருத்து மோதும்போது விட்டுக்கொடுப்பதா மல்லுக்கட்டுவதா என்ற தவிப்பு, இந்த மூன்றையும்தான் அவர்கள் முக்கியமாகப் பேசுகிறார்கள். நன்றாக நடந்த குழுக்கள் இவற்றை உணர்ந்திருந்தும் போட்டு உடைத்து விவாதிக்கவில்லை, பேச்சைக் குறைத்து வாசிப்பைக் கூட்டின என்று கண்டார்கள். படித்தபோது எங்கள் ஒத்திகை அறையில் உட்கார்ந்து எழுதியது போலிருந்தது.

இரண்டாம் வயலின் என்றால் இரண்டாம் தரம் என்று நினைப்பவர்கள் இசையமைப்பாளர் ஷூபர்ட் ஏ மைனர் என்ற ஸ்வர வரிசையில் எழுதிய குவார்டெட்டின் (குழுவுக்கும் அது வாசிக்கும் உருப்படிக்கும் பெயர் ஒன்றுதான்) முதல் சில நொடிகளைக் கேட்க வேண்டும். 1824-ல் எழுதியது. தொடக்கத்தில் முதல் வயலின் வாசிப்பதே இல்லை. இரண்டாம் வயலின் அலை அலையாக ஒரு சுழற்சியை ஓட்ட, வயோலாவும் செல்லோவும் கீழே ஆளுக்கொரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு அவ்வப்போது ஒரு சின்ன நடுக்கம் கொடுப்பார்கள். அந்த இரண்டு பாரில் (பார் என்பது ஒரு தாளச் சுற்று) வேகம், நிறம், எவ்வளவு துக்கம் என்பதெல்லாம் முடிவாகிவிடும். முதல் வயலின் அதன்மேல் வந்து பாட வேண்டியதுதான். அந்த முடிவை எடுப்பது நான். கூட இருப்பது வயோலா.

அதனால்தான் வயோலா வாசித்தவர் விலகியது என்னை மிகவும் ஆட்டியது. குழுவை ஆரம்பித்தவர்களில் அவரும் ஒருவர். தோள்பட்டை வலி மெல்ல மெல்ல முற்றி, வில்லைத் தூக்குவதே சிரமமாகிப்போனது. அவர் வயோலாவில் கொடுக்கும் அந்த நடுக்கத்தின் மேல்தான் ஷூபர்ட்டில் என் வலது கை இத்தனை காலமும் நடந்தது என்பது, புதிதாக வந்தவர் அதை ஒரு மயிரிழை சுருக்கமாகவும் உலர்ந்த ஒலியோடும் வாசித்த முதல் நாளே புரிந்துவிட்டது. என் சுழற்சி தானாகவே கொஞ்சம் முன்னால் சாய்ந்தது. முதல் வயலின்காரர் திரும்பிப் பார்த்து, "நீங்க வேகத்தை மாத்திட்டீங்களா?" என்று என்னைக் கேட்டார். நான் எதையும் மாற்றவில்லை, மாறியிருந்தேன்.

ஒருவர் போய் இன்னொருவர் வந்தால் கால் பங்கு மாறியதாகக் கணக்குப் போடத் தோன்றும். ஆனால் நாலு பேருக்குள் ஆறு ஜோடி இருக்கிறது. ஒருவர் மாறினால் மூன்று ஜோடி புதிது. பாதிக் குழு மாறிவிடுகிறது.

புதியவர் எங்களைவிட வயதில் மிகவும் இளையவர், நன்றாகத் தயார் செய்துகொண்டு வருபவர், வெடுக்கென்று பேசமாட்டார், ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்காமலும் இருக்கமாட்டார். முதல் உரசல் பழைய வயோலா பார்ட்டுகளால் வந்தது. ஒவ்வொரு நாற்காலிக்கும் உரிய நோட்டுத் தாள்கள் குழுவின் சொத்து. பழையவர் தாள்களில் பென்சில் குறிகள் அடுக்கடுக்காக இருக்கும்: வில் எங்கே கீழே இழுக்க வேண்டும், எங்கே மேலே தள்ள வேண்டும், எந்த விரல், எந்த இடத்தில் செல்லோவைப் பார்க்க வேண்டும். பார்க்கச் சொல்வதற்கு வாத்தியக்காரர்கள் ஒரு மூக்குக்கண்ணாடி வரைவது வழக்கம். சில பக்கங்களில் அழித்து அழித்துத் தாளே மெலிந்திருக்கும், ஓர் இடத்தில் மூன்று கண்ணாடி வரிசையாக இருக்கும். புதியவர் எனக்கு வெறும் தாள் வேண்டும், என் குறிகளை நானே போட்டுக்கொள்கிறேன் என்றார். நியாயமான கோரிக்கை. ஆனால் செல்லோக்காரரின் முகம் சுருங்கிப்போனது. அந்தக் கண்ணாடிகள் எல்லாம் அவரைப் பார்க்கச் சொல்லித்தானே வரைந்தவை.

அப்புறம் சுருதி. வயலின், வயோலா, செல்லோ எல்லாவற்றிலும் அடுத்தடுத்த தந்திகள் ச–ப இடைவெளியில் இருக்கும். செல்லோவின் அடித் தந்தியான ஸி-யில் ஆரம்பித்து ஜி, டி, ஏ என்று ஒவ்வொன்றையும் துல்லியமான பஞ்சமமாகச் சேர்த்து வயலினின் இ தந்திவரை ஏறினால், அந்த இ கீழே இருக்கும் ஸி-க்கு அந்தர காந்தாரமாக இனிமையாகப் பொருந்தாது. அரைச் சுரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூர்மையாக நிற்கும். யாருடைய காதும் பழுதில்லை, கணக்கே அப்படி. இதைச் சமாளிக்கப் பல குவார்டெட்டுகள் பஞ்சம இடைவெளிகளைக் கொஞ்சம் குறுக்கி, செல்லோவும் வயோலாவும் ஸி தந்தியை ஒரு நூல் ஏற்றி வைப்பார்கள். எங்கள் செல்லோக்காரர் தந்திகளைத் துல்லியமாகச் சேர்த்து, உரசும் இடங்களை விரலால் சரிசெய்து பழகியவர். புதியவர் தன் ஸி தந்தியை ஏற்றி வைத்தார். பீத்தோவனின் ஒபஸ் 59 (ஒபஸ் என்பது படைப்பு எண்) மூன்றாவது குவார்டெட் ஸி-யை ஆதாரமாகக் கொண்ட ஸி மேஜரில் இருப்பது, அந்தத் தந்தி ஒலித்துக்கொண்டே இருக்கும், இரண்டு ஸி-யும் ஒட்டவில்லை.

"இத்தனை வருஷம் நாங்க சுருதி சேராமலா வாசிச்சோம், ம்மா?" என்று கேட்டார் செல்லோக்காரர். குரல் உயரவில்லை. கேள்வி தந்தியைப் பற்றியது இல்லை என்று எனக்குத் தெரியும். பழைய நண்பர் போன வருத்தம், தன் முறையும் நெருங்குகிறதோ என்ற பயம் எல்லாம் அதில் இருந்தன. முதல் வயலின்காரர் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். புதியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சார், ரெண்டு விதமாவும் வாசிச்சுப் பதிவு பண்ணிக் கேட்போமா?" என்றார்.

வாசித்தோம், பதிவு செய்தோம், எது எது என்று சொல்லாமல் கேட்டோம். ஸி மேஜரில் ஏற்றி வைத்த சுருதி தெளிவாக நன்றாக இருந்தது. ஷூபர்ட்டின் ஏ மைனரில் பழைய முறை இருண்டு ஒலித்தது, எல்லோருக்கும் அது பிடித்தது. உருப்படிக்கு ஏற்ப மாற்றிக்கொள்வது என்று முடிவாயிற்று. அன்று யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை அப்போது பிரித்துப் பேச ஆரம்பித்திருந்தால் செல்லோக்காரர் அடுத்த வாரமே விலகல் கடிதம் கொடுத்திருப்பார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சில மாதம் கழித்துப் புதியவர் தானாகவே பழைய தாள்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய், சில வில் குறிகளைத் தன் தாளில் எழுதிக்கொண்டு வந்தார்.

பேர்பெற்ற குவார்டெட்டுகள் இந்த மாற்றத்தை வெவ்வேறு விதமாகத் தாங்கியிருக்கின்றன. அமாடியஸ் குவார்டெட் 1947-ல் சேர்ந்த அதே நாலு பேரோடு 40 வருஷம் வாசித்தது. 1987-ல் வயோலா வாசித்த பீட்டர் ஷிட்லோஃப் இறந்ததும் மற்ற மூவரும் ஆள் தேடாமல் நிறுத்திக்கொண்டார்கள். ஜூலியர்ட் குவார்டெட்டில் ராபர்ட் மான் 1946-லிருந்து 1997 வரை முதல் வயலின் வாசித்தார், அவர் போன பிறகும் குழு தொடர்கிறது, இன்று ஆரம்ப உறுப்பினர் ஒருவரும் இல்லை. குவர்னேரி குவார்டெட்டில் 2001-ல் டேவிட் சோயர் ஓய்வு பெற்றபோது அவருடைய மாணவர் பீட்டர் வைலி அந்த இடத்துக்கு வந்தார்.

ஆனால் என் மனதுக்கு நெருக்கமானது மாஸ்கோவின் பீத்தோவன் குவார்டெட். 1923-ல் தொடங்கிய குழு அது. வயோலா வாசித்த வாதிம் பரிசோவ்ஸ்கி 1964-ல் விலக, அவர் மாணவர் வந்தார். அடுத்த வருஷம் இரண்டாம் வயலின் வசீலி ஷிரின்ஸ்கி இறந்துபோனார். ரஷ்ய இசையமைப்பாளர் ஷஸ்டகோவிச் தன் 11-ஆவது குவார்டெட்டை ஷிரின்ஸ்கியின் நினைவுக்கும், 12, 13, 14 ஆகியவற்றை முறையே முதல் வயலின், வயோலா, செல்லோ வாசித்தவர்களுக்கும் அர்ப்பணித்தார். 13-ஆவது யாருக்கு என்பதைக் கவனிக்க வேண்டும்: விலகிப்போயிருந்த பரிசோவ்ஸ்கிக்கு. அதைப் புதிய வயோலாக்காரர் மேடையில் வாசித்தார். போனவருக்கு மரியாதை செய்து வந்தவருக்கு வேலை கொடுப்பதை இதைவிட அழகாக யாரும் செய்ததாக எனக்குத் தெரியவில்லை.

மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவின் ஆடுபான் குவார்டெட்டில் 2000-ல் மூவர் சேர்ந்து முதல் வயலின்காரரை வெளியேற்றினார்கள். வழக்கு நீதிமன்றம் போய், அடுத்த வருஷம் அவருக்கு ஆறு லட்சம் டாலருக்கு மேல் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது. மற்றவர்களுக்கு வாத்தியங்களையே இழக்க நேருமோ என்ற நிலை. நட்பையும் இசையையும் நம்பி இத்தனை காலம் வாய்ப்பேச்சில் ஓட்டிய நாங்கள், குழுவின் பெயர் யாருக்குச் சொந்தம், விலகுபவர் எவ்வளவு முன்னால் சொல்ல வேண்டும், தாள்களும் பதிவுகளும் யாரிடம் இருக்கும் என்று ஓர் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். மனம்விட்டுப் பேச வேண்டியது இந்த விஷயங்களில்தான். யாருக்கும் யார்மேலும் கோபமில்லாத ஒரு நாளில் எழுத வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது செல்லோக்காரர் அடுத்த கச்சேரிப் பருவத்தோடு ஓய்வு பெறுவதாகச் சொல்லியிருக்கிறார். அமாடியஸ் மாதிரி இத்தோடு நிறுத்திவிடலாமா என்று முதல் வயலின்காரருக்கு ஒரு யோசனை. தொடர வேண்டும் என்பது என் ஓட்டு, வயோலாக்காரரும் அதே பக்கம். செல்லோக்காரருக்கு இதில் ஓட்டு உண்டா என்பதை ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டிருந்தோம், அவரே ஓட்டுப் போடாமல் ஒதுங்கிக்கொண்டார். தொடர்வதாக முடிவாயிற்று. அவர் இடத்துக்கான தேர்வுக்கு வருபவர்களுக்கு ஹேடனின் ஒபஸ் 76 ஐந்தாவது குவார்டெட்டின் மெதுவான பகுதியைக் கொடுக்கப் போகிறோம். அது எஃப் ஷார்ப் மேஜரில் இருக்கிறது, வெறுந்தந்தியின் (விரல் வைக்காமல் ஒலிக்கும் தந்தியின்) துணை அதிகம் கிடைக்காது, ஒவ்வொரு ஸ்வரத்தையும் நாலு பேரும் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு தடவை முழுக்க வாசித்த பிறகு அரை மணி நேரம் ஒத்திகையை வந்தவரே நடத்த வேண்டும், எங்களைத் திருத்தியும் காட்ட வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையைச் சொன்னது செல்லோக்காரர்.