கடற்களிமண்ணில் சுரங்கம் குடைதல்

சிங்கப்பூரில் எம்ஆர்டி என்னும் நகர ரயிலுக்கான சுரங்கப் பணிகளில் நில அசைவைக் கண்காணிக்கும் பொறியாளராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். கல்லாங் ஆற்றுப் பகுதியிலும் பழைய கடற்கரையை ஒட்டியும் படிந்திருக்கும் கடற்களிமண்தான் எங்களுக்கு ஓயாமல் வேலை வைத்தது. நீலம் கலந்த சாம்பல் நிறத்தில், கிளிஞ்சல் துண்டுகளோடு கன்வேயர் பெல்ட்டில் வரும் அந்த மண்ணைக் கையில் எடுத்து அழுத்தினால் விரலிடுக்கில் பிதுங்கும். பிசையப் பிசைய இன்னும் இளகும். இதை வெட்டுவது பெரிய காரியமில்லை. வெட்டிய இடத்துக்குள் சுற்றிலும் உள்ள மண் சரிந்து நுழையாமல் பார்த்துக்கொள்வதுதான் பாடு.

சுரங்கம் குடையும் இயந்திரத்தின் முகப்பு அறையில் வெட்டிய மண்ணையே நிரப்பி, திருகு கன்வேயர் வழியாக அதை அளவோடு வெளியேற்றி, எதிர் அழுத்தத்தைக் காப்பார்கள். 20 மீட்டர் ஆழத்தில் மேலிருக்கும் மண்ணின் சுமையே 3 பார் அழுத்தத்தைத் தாண்டும். ஏறத்தாழ 6.6 மீட்டர் விட்டமுள்ள துளை ஒரு மீட்டர் முன்னேறினால் 34 கனமீட்டர் மண் வர வேண்டும். அதற்கு மேல் ஒரு விழுக்காடு கூடுதலாக வந்தால் போதும், மண் பொறியியலாளர் ரால்ஃப் பெக் 1969-இல் முன்வைத்த நில இறக்க வளைவின்படி, மேலே சாலை 13, 14 மில்லிமீட்டர் தாழும். சாலை அதைத் தாங்கிவிடும். குட்டையான பக்காவ் (சதுப்புநில மரம்) கழிகளின்மேல் நிற்கும் பழைய கடைவீடுகள், ஒரு பக்கம் தாழ்ந்து மறுபக்கம் நின்றுவிட்டால், விரிசல் விடும்.

கணினித் திரையில் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்த ஓர் இரவில், பெல்ட் அருகே நின்றிருந்த தொழிலாளி, ஒரு புதுக்கோட்டைக்காரர், "சார், மண்ணு ரொம்பத் தண்ணியா வருது, பாத்துக்குங்க" என்றார். போய்ப் பார்த்தால் களிமண்ணோடு ஆற்று மணல் கலந்து வந்துகொண்டிருந்தது. முன்பு நிலத்தில் துளையிட்டு எடுத்த மண் மாதிரிகள் காட்டியிராத மணற்படிவம் அது. உடனே வேகத்தைக் குறைத்து, முகப்பு அழுத்தத்தைச் சரிசெய்து, பெல்ட் தராசின் கணக்கை, சுரங்கச் சுவராகப் பொருத்தும் ஒவ்வொரு கான்கிரீட் வளையத்துக்கும் ஒப்பிட்டுக்கொண்டே முன்னேறினோம். அழுத்தமானி சொல்வதற்கு முன்னரே அவருடைய கண் சொல்லிவிட்டது.

இயந்திரம் கடந்துவிட்டால் வேலை முடிந்ததென்று எண்ணுபவர்களோடு எனக்கு எப்போதும் கருத்து வேறுபாடு உண்டு. கான்கிரீட் வளையத்துக்கும் துளைக்கும் இடையே உள்ள வெற்றிடத்தைச் சில நொடிகளில் உறையும் க்ரௌட் கலவையால் உடனுக்குடன் நிரப்பினாலும், களிமண்ணின் நுண்துளை நீரழுத்தம் (மண்துகள்களுக்கு இடையே உள்ள நீரின் அழுத்தம்) குலைந்தே இருக்கும். வளைய இணைப்புகளில் கசிவிருந்தால் சுரங்கமே வடிகாலாகிவிடும். நீர் மெல்ல வடிய, மண் மெல்ல இறுகும். மேற்பரப்பு மாதக்கணக்கில் தாழ்ந்துகொண்டிருக்கும். அதனால் ஓர் அளவீடு எவ்வளவு என்பதைவிட, போன வாரத்திலிருந்து எவ்வளவு வேகமாக மாறியிருக்கிறது என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் 2004 ஏப்ரல் 20 இருக்கிறது. நிக்கல் நெடுஞ்சாலையில் சர்க்கிள் லைன் என்னும் எம்ஆர்டி தடத்துக்காக இதே களிமண்ணில் தோண்டப்பட்ட 30 மீட்டருக்கும் ஆழமான திறந்த பள்ளம் சரிந்து நால்வர் இறந்தனர். வடிவமைப்புக் கணக்கு களிமண்ணின் வலிமையை உள்ளதைவிடக் கூடுதலாக எடுத்துக்கொண்டது. குறுக்குத் தாங்கிகளின் இணைப்பும் போதுமானதாக இல்லை. பள்ளத்தின் தடுப்புச் சுவரின் அசைவு வரம்பைத் தாண்டியபோது வரம்பே திருத்தப்பட்டது. கண்காணிப்புத் துறையில் இருப்பவர்களை இந்த மூன்றாவதுதான் அதிகம் உறுத்தும்.

ஒரு திட்டத்தில், சுரங்கம் முடிந்ததும் கருவிகளைக் கழற்றிவிடலாம் என்று ஒப்பந்ததாரர் தரப்பு கேட்டது. மண்ணுக்குள் நீரழுத்தத்தை அளக்கும் பீசோமீட்டர்களில் நீரழுத்தம் பழைய நிலைக்கு இன்னும் திரும்பவில்லை என்று காட்டி, கடைவீடுகளை ஒட்டியிருந்தவற்றை மட்டுமாவது விட்டுவைக்கச் செய்தோம். அடுத்து வந்த மாதங்களிலும் அங்கே இறக்கம் பதிவாகிக்கொண்டிருந்தது.